கிண்ணத்துக்குள் அழுவது

அமலோற்பவத்தின் கண்கள் வறண்டுபோய்ப் பல வருடம். இமைக்கும்போதெல்லாம் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். அவளுடைய கண்ணீர்ச் சுரப்பியிலிருந்து துளியூண்டு சதை எடுத்து, ஆய்வகத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் கடுகளவு சுரப்பியாக வளர்த்திருந்தாள் டாக்டர் ரெஹானா. எந்த மருந்து அதை அழவைக்கிறதோ அதையே கண்ணுக்கும் விடலாம் என்பது திட்டம். கண்ணீர் வெளியேற வழி இல்லாததால் அழும்போது அது உப்பிக்கொள்ளும்.

ஒருமுறை மருந்தே விடாமல் காலையிலேயே உப்பியது. அன்று மாலைதான் அமலோற்பவத்தின் தம்பி லாரி மோதி இறந்தான். துக்க வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து அழ, இவள் மட்டும் காய்ந்த கண்ணோடு நின்றாள். கல்நெஞ்சக்காரி என்றார்கள். கிண்ணத்தில் நடந்ததை ரெஹானா பிறகு வாய்தவறி அவளிடம் சொல்லிவிட்டாள்.

இன்று அவள் வந்தபோது ரெஹானா திரையைக் காட்டத் தயங்கினாள். உருப்பெருக்கிய சுரப்பி வெடித்துவிடுவதுபோல் இருந்தது.

"இன்னும் மருந்து விடலம்மா. காலைல வந்து பாத்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு."

அமலோற்பவம் உடனே செல்போனை எடுத்தாள். கணவர் கடையில் இருந்தார். மகள் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள். துபாயில் இருக்கும் மகன், "வேலையா இருக்கேம்மா" என்று எரிந்து விழுந்தான்.

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காவ டாக்டரம்மா. வேற யாரு இருக்கா எனக்கு?"

கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்தாள். அவள் கணக்கில் விட்டுப்போனது தன்னை மட்டும்தான். பிறகு நாற்காலியை அருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முந்தானையால் திரையில் தெரிந்த அந்த உப்பலை மெல்லத் துடைத்தாள்.

"அழாதட்டி," என்றாள். "நான் இன்னும் இருக்கேம்லா."