தடம் தெரியாத பசை

"இந்த வீட்டுல முப்பது வருஷமா ஒரு சாமான் உடைஞ்சதில்லை. நீ வந்து முழுசா ஆறு மாசம் ஆகலை!"

மாமனார் நாற்காலியை விட்டு எழாமலே கத்தினார். தூசு துடைக்கும்போது அந்தப் பழைய பிளாஸ்டிக் ரேடியோவின் மூலை மருமகளின் கையோடு வந்துவிட்டது. அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

"நான் உடைக்கலை மாமா. துணி பட்டதும் கழண்டு வந்துடுச்சு."

"வாய் மட்டும் வக்கணையா இருக்கு. மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை வருதா பாரு!"

"பண்ணாத தப்புக்கு எதுக்கு மாமா மன்னிப்பு? ஒட்டித் தரேன், போதுமா?"

"தடம் தெரியக்கூடாது. தெரிஞ்சா, உங்க அப்பாவைக் கூப்பிட்டுத்தான் கேப்பேன்."

மாமியார் சமையலறை வாசலில் நின்றார். வாயே திறக்கவில்லை. சரியான ஊமைக்கோட்டான் என்று மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பசைக் கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மருமகள் கொண்டுவந்த உடைந்த துண்டைப் பார்த்தார்.

"சட்டுனு ஒட்டுற பசை வேண்டாம்மா. சுத்தி வெள்ளையா பூத்துடும். இதை எடுத்துக்குங்க. விளிம்பை லேசா உருக்கி ஒண்ணாக்கிடும், தடமே தெரியாது. முதல்ல பழைய பசையைச் சுரண்டிடுங்க."

"எந்தப் பழைய பசை?"

உடைந்த விளிம்பு நெடுக மஞ்சளாக இறுகிப்போன கோடு ஒன்றைக் காட்டினார்.

"எப்பவோ உடைஞ்சதை யாரோ பொறுமையா ஒட்டியிருக்காங்க. பசைக்கு வயசாயிடுச்சு, விட்டுடுச்சு."

வீட்டில் மாமனார் இல்லை. மருமகள் நேரே சமையலறைக்குப் போனாள்.

"அத்தை, இது ஏற்கெனவே உடைஞ்சது! தெரிஞ்சும் நான் திட்டு வாங்குறதை வேடிக்கை பார்த்தீங்க, இல்லையா?"

மாமியார் அடுப்பை அணைத்தார்.

"நான்தான் ஒட்டினேன். அந்த மூலையைச் சுவர்ப் பக்கமா திருப்பி வெச்சேன்."

"எப்படிக் கீழே விழுந்துச்சு?"

"விழலை. சத்தத்தைக் குறைன்னு உங்க மாமா சொன்னது என் காதுல கேக்கலை. ரேடியோ என்மேல பறந்து வந்துச்சு."

மருமகள் உடைந்த துண்டை மெல்ல மேடைமேல் வைத்தாள். மாமியார் அவள் கையிலிருந்த பசைக் குழாயைப் பார்த்தார்.

"இதுல தடம் தெரியுமா?"

"தெரியாது அத்தை. இன்னொண்ணுதான் வெள்ளையா பூக்குமாம்."

"இதைக் குடுத்துட்டு, அதை வாங்கிட்டு வா."

சாயங்காலம் மாமனார் உள்ளே வந்தார். ரேடியோவின் ஒட்டுப்போட்ட மூலை அவர் நாற்காலியைப் பார்த்து இருந்தது. குறுக்கே பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு.

"தடம் தெரியக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! யார் ஒட்டினது இதை?"

மருமகள் முன்னால் வந்தாள். மாமியார் அவளுக்கும் முன்னால் வந்து நின்றார்.

"நான்தான். அன்னைக்கு நீங்க உடைச்சப்பவும் நான்தான் ஒட்டினேன். அவ அப்பாவைக் கூப்பிடுங்க, அவருக்கும் காட்டுவோம்."