யாராவது பார்க்கணும்

"மொய்ரா, அந்தக் கழுத்தில்லாதவனைக் கொஞ்சம் கண்டிச்சு வை. இன்னிக்கும் என் கையில போனைக் குடுத்து, அவன் முதுகை போட்டோ எடுக்கச் சொல்றான். நான் என்ன கல்யாண போட்டோகிராபரா?"

துண்டை உதறிக்கொண்டே சொன்னான் ஜார்விஸ். ஆஸ்திரேலியாவின் துறைமுக ஊரான போர்ட் ஹெட்லண்டில் மொய்ரா நடத்தும் ஜிம்மில் இந்த வாரம் புகார் சொன்ன மூன்றாவது ஆள்.

புகார் ரோவன் மீது. சுரங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையே இரும்புத்தாது லாரி ஓட்டுபவன். நாற்பதைத் தாண்டியவன். ஜிம்முக்கு வந்தால் ட்ராப்ஸ் மட்டும்தான். கழுத்தின் இரு பக்கமும் சரிந்து முதுகில் இறங்கும் அந்தத் தசை, அவனுக்கு ஏற்கெனவே காதைத் தொட்டுவிடும் போல இருந்தது. அப்படியும் ஒவ்வொரு செட் முடிந்ததும் யாரிடமாவது போய் முதுகைக் காட்டி நிற்பான்.

"கொஞ்சம் பாருங்களேன், ஏறியிருக்கா?"

மொய்ரா அவனிடம் போனாள்.

"ரோவன், தோளைத் தூக்கித் தூக்கி இறக்கினது போதும். நெஞ்சும் காலும் அப்படியே கிடக்கு. மேல எருமை, கீழ கொக்கு!"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். டம்பெல்லை ரெண்டு கையிலயும் தூக்கிட்டு நடக்கிறது, கயித்தை முகத்துக்கு நேரா இழுக்கிறது, ட்ராப்ஸுக்கு ரெண்டுல எது நல்லது?"

"ரெண்டும்தான் செய்யிறியே. நடக்கிறது மேல் பாகத்துக்கு, கயிறு நடுப் பாகத்துக்கு. அடிப் பாகத்துக்குக் குப்புறப் படுத்துக் கையைத் தூக்கணும்."

"அடியிலயும் இருக்கா?"

"நடுமுதுகு வரைக்கும் இறங்கும்."

அவன் முகம் மலர்ந்துபோனது.

"ஆனா ஒண்ணு. ஆளாளுக்குப் போய் முதுகைக் காட்டாதே. எல்லாரும் சலிச்சுக்கிறாங்க."

"அப்படியா? தெரியாது... மன்னிச்சுக்கோ."

அவன் தலையைக் குனிந்துகொண்ட விதம் மொய்ராவுக்கு என்னவோ போலிருந்தது. திங்கட்கிழமை அவன் வருவதற்குள் மூலையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து மாட்டிவிட்டாள். அங்கே நின்றால், எதிர்க் கண்ணாடியில் முழு முதுகும் தெரியும்.

"இனிமே நீ யாரையும் கேக்கவே வேண்டாம்."

ரோவன் போய் நின்று பார்த்தான்.

"நல்லாத் தெரியுது. ரொம்ப நன்றி, மொய்ரா."

ஒரு செட் செய்தான், பார்த்தான். இன்னொரு செட், பார்த்தான். அரை மணி நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அப்புறம் வரவே இல்லை.

"தொல்லை விட்டுது," என்றான் ஜார்விஸ்.

மூன்றாவது வாரம், பெட்ரோல் பங்கில் ரோவனைப் பார்த்தாள் மொய்ரா. லாரிப் படியில் தனியாக உட்கார்ந்து, கறி அடைத்த மீட் பை தின்றுகொண்டிருந்தான்.

"ஏன் வரதில்லை? கண்ணாடி சரியில்லையா?"

"சேச்சே, கண்ணாடி நல்ல கண்ணாடி."

"பின்னே?"

கையில் ஒட்டியிருந்த பொடியைத் தட்டினான்.

"பன்னெண்டு மணி நேரம் வண்டியில தனியா இருக்கேன். ரூமுக்குப் போனா அங்கயும் தனியா. கை பெருத்திருக்கா, நெஞ்சு ஏறியிருக்கா, எல்லாத்தையும் நானே பாத்துக்கலாம்." கொஞ்சம் தயங்கினான். "சிரிக்காதே. அதனாலதான் முதுகுல இருக்கிறதாப் பாத்து எடுத்துக்கிட்டேன். அதை மட்டும்தான் யாரையாவது கூப்பிட்டுக் கேக்கணும்."

மொய்ரா சிரிக்கவில்லை.

"எழுந்திரு," என்றாள்.

"எதுக்கு?"

"எழுந்து திரும்பி நில்லுன்னா நில்லேன்."

பெட்ரோல் போட வந்த நாலு பேர் வேடிக்கை பார்க்க, அவன் திரும்பி நின்றான். அவள் நிதானமாக, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வலது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு. நாளைக்கு வா. கண்ணாடியில இதெல்லாம் சரியாத் தெரியாது."