வலப்பக்கத்து எண்கள்

தப்பாகச் சொல்லித் தொலைத்துவிடுவோமோ என்றுதான் மேஸ்திரியக்காவுக்குப் பயம். படமாகப் போட்டுக் காட்டிய கோள்மூட்டலை வாயால் எப்படி எடுத்துச் சொல்வது? சொல்லாவிட்டாலோ, வேலை போய்விடும்.

ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி. காலையில் ஆபீஸுக்குச் சாவி வாங்கப் போனபோது, கம்ப்யூட்டர் பெண்ணின் திரையில் ஒரு கோட்டுப் படம் கண்ணில் பட்டது.

நீலக் கோடு, மாதாமாதம் சுத்தம் செய்த அறைகள். சிவப்புக் கோடு, தங்க வந்தவர்கள் சொன்ன புகார்கள். இரண்டும் தோளை உரசிக்கொண்டு ஏறின.

"ஏம்மா, செஞ்ச வேலை அளவுக்கா புகார் வந்திருக்கு?"

அந்தப் பெண் சட்டென்று திரையை மறைத்தாள். "மீட்டிங் முடியட்டும்க்கா, சொல்றேன். எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

'உன் நல்லதுக்குத்தான்' என்பவர்களை மேஸ்திரியக்கா நம்புவதே இல்லை. அவளுடைய நாத்தனாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாள்.

மடியில் கனமில்லாவிட்டால் மறைப்பானேன்? போன வாரம் இந்தக் கம்ப்யூட்டர் பெண்ணின் மேஜையைத் துடைக்க ஆள் அனுப்பவில்லையே, அதற்கா இந்தப் பழி?

மீட்டிங்கில் அதே படம் சுவரளவுக்கு விழுந்தது. மேனேஜர் நெற்றியைச் சுருக்கினார்.

"என்ன இது, புகார் இப்படி எகிறுது?"

மேஸ்திரியக்கா படத்தையே முறைத்தாள். அப்போதுதான் ஓரத்து எண்களைக் கவனித்தாள். எழுந்தே விட்டாள்.

"தப்பாச் சொன்னா மன்னிக்கணும் சார். இடப்பக்கம் அறைக் கணக்கு நூறு நூறா ஏறுது. வலப்பக்கம் புகார்க் கணக்கு ஒண்ணு ஒண்ணா ஏறுது. எலியைத் தூக்கி யானை உசரத்துக்கு நிறுத்தி வச்சிருக்காங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும்தான்.

"அட, ஆமா! ரெண்டையும் ஒரே அளவுல போடும்மா."

"சார், அதுக்கு ஒரு காரணம்..."

"முதல்ல போடு."

போட்டாள். சிவப்புக் கோடு தரையோடு தரையாகப் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

"புகாரே இல்லைன்னு சொல்லலாமே! பலே மேஸ்திரி!"

கைதட்டல். மேஸ்திரியக்கா கம்ப்யூட்டர் பெண்ணை ஒரு பார்வை பார்த்தாள். யார்கிட்ட?

மீட்டிங் முடிந்ததும், வராந்தாவில் அந்தப் பெண் கண் கலங்க நின்றாள்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? அறை கூடக்கூடப் புகாரும் கூடுது. ஆள் பத்தலை, உங்க மேல தப்பில்லை. அதைக் காட்டத்தான் புகாருக்குத் தனி அளவு வச்சேன். ஒரே அளவுல போட்டா அந்த ஏத்தமே தெரியாது. அடுத்த படத்துல உங்களுக்கு ரெண்டு ஆள் கேட்டிருந்தேன். புகார் இல்லாத இடத்துக்கு ஆள் எதுக்குன்னு சார் இப்ப அதை வெட்டிட்டார்."

"முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா?"

"கிடைக்கலைன்னா ஏமாந்துடுவீங்களேன்னுதான்..."



மேஸ்திரியக்கா கீழே இறங்கினாள். இடுப்பைப் பிடித்தபடி வாளியோடு நின்ற பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னக்கா ஆச்சு? இனியாவது நமக்குக் கூடுதலா ஆள் போடுவாங்களா?"

மேஸ்திரியக்கா யார் முகத்தையும் பார்க்காமல் துடைப்பத்தைக் கையில் எடுத்தாள்.

"எங்கேடி? அந்தக் கம்ப்யூட்டர் பொண்ணு படத்தைத் தப்பாப் போட்டுக் காரியத்தையே கெடுத்துடுச்சு!"