மஞ்சள் மிதவை

முடிவுக்கோட்டுக்கு அறுபது மீட்டர் இருந்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நாங்கள்தான் முதலில். பின்னால் வரிசையாகப் பதினோரு பாய்ப்படகுகள். ஸ்வென்போர்க் நீரிணையில் அக்கா கிரேத்தேயும் நானும் ஒன்பது கோடைகளாகப் போட்டியிடுகிறோம். ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

பாதை அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் மிதவையை இடக்கைப் பக்கம் விட்டுச் சுற்றியிருக்க வேண்டும். நாங்கள் வலக்கைப் பக்கம் விட்டு வந்திருந்தோம்.

படகின் மூக்கு கோட்டைக் கடந்துவிட்டால் அவ்வளவுதான், பாதையில் செய்த தப்பைத் திருத்த முடியாது. அதற்கு முன்பென்றால் திரும்பிப் போய், தப்பாகச் சுற்றியதை எதிர்த்திசையில் சுற்றிக் கழித்துவிட்டுச் சரியாகச் சுற்றி வரலாம்.

சொல்வதா, வேண்டாமா?

பாய்க்கயிற்றை இழுத்தேன், விட்டேன், மறுபடி இழுத்தேன். முப்பது மீட்டர்.

“அக்கா, மஞ்சள் மிதவைய தப்பான பக்கம் விட்டுட்டோம்.”

“யாரு பாத்தா?” அவள் திரும்பவே இல்லை.

“நான் பாத்தேனே.”

நடுவர் படகில் ஒருவர் ஹாரனைக் கையில் எடுத்துவிட்டார். அக்கா, காதால் கேட்கக் கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டே சுக்கானைத் தள்ளினாள். கோட்டுக்குப் பத்தடியில் படகு திரும்பியது.

எதிரே வந்த படகிலிருந்து ஹென்னிங், “என்ன கிரேத்தே, அடுப்ப அணைக்காம வந்துட்டியா?” என்று கத்தினார். அடுத்தடுத்த படகுகளிலும் சிரிப்பு. எங்கள் முதுகுக்குப் பின்னால், கோட்டைத் தாண்டிய படகுக்கு ஒன்றாக, ஹாரன் பதினோரு முறை ஒலித்தது.

நாங்கள் முடித்தபோது மற்றவர்கள் கரையில் இரண்டாவது பீரில் இருந்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து முடிவு ஒட்டினார்கள். முதலிடம் கிரேத்தே. மற்ற பதினோரு பெயருக்கும் எதிரே ஒரே குறிப்பு: பாதை தவறியது. மிதவையருகே நின்ற காவல் படகு எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தது. யாரும் அட்டையைப் பார்க்கவில்லை. முன்னால் போன எங்களைப் பார்த்தே மிதவையைச் சுற்றியிருக்கிறார்கள்.

ஹென்னிங் வந்து என் கையைக் குலுக்கினார். “உன்னாலதான் திரும்பினோம்னு கிரேத்தே சொன்னா. இந்தக் காலத்துல யாருக்கும்மா இந்த நேர்மை வரும்?”

அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் எங்களைக் கேலி செய்து கடந்த அந்த நொடியில், “ஹென்னிங், நீங்களும் தப்பு” என்று கத்த அவள் வாயெடுத்தாள்.

அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்து, வேண்டாம் என்று தலையாட்டியது நான்தான்.