வெள்ளியா, ஞாயிறா?

"அக்கா, உடுத்திப் பாருங்க. சறுக்கி வரக்குள்ள இது மேல ஏறக்கூடாது."

கடற்கரையைப் பார்த்த தன் வீட்டுத் திண்ணையில், ஸாஜிதா தைத்து முடித்த நீலக் கால்சட்டையை உதறி நீட்டினாள். ஒரே துணியில் ரெண்டு. ஒன்று அவளுக்கு, மற்றது பக்கத்து வீட்டு றோசலினுக்கு.

றோசலின் அதை இடுப்பில் வைத்துப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நாப்பத்திநாலு வயசுல எனக்கு வந்த ஆசையைப் பாரு புள்ள! அந்த நாலு மாடி உயர ஸ்லைட்ல நான்தான் முதல் ஏறுவன்."

"ஏறுவீங்க. மேல போய் 'அம்மோ, என்னை இறக்கு' எண்டு என்னையக் கட்டிப் புடிப்பீங்க."

எத்தாளைக் கிராமத்தில் சோளகக் காற்று தொடங்கி, கடலுக்குப் போக முடியாமல் வள்ளங்களைக் கரையில் இழுத்துப் போட்டாயிற்று. ஸாஜிதாவின் கணவன் முஹ்ஸினும் றோசலினின் கணவன் பஸ்தியானும் ஒரே வள்ளத்தில்தான் தொழில். பன்னிரண்டு வருசத்தில் முதல் தடவையாக ரெண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு பயணம் போகிறது. கொழும்புப் பக்கம் தீம் பார்க்!

வியாழன் போய்த் திங்கள் திரும்புவது. இடையில் மூன்று நாள். ரெண்டு நாள் பார்க், ஒரு நாள் ஓய்வு. "மூணு நாளும் சறுக்கினா இடுப்பு கழண்டுரும்" என்று ஓய்வு கேட்டதே இந்தப் பெண்கள்தான்.

எந்த நாள் ஓய்வு என்பதை மட்டும் ஆண்களிடம் விட்டிருந்தார்கள். அதுதான் பிழையாகப் போயிற்று.

அஞ்சு மணிக்குப் பார்க்கிலிருந்து ஃபோன் கோல் வரும். அதற்குள் நாளைச் சொல்லாவிட்டால் இடம் வேறு ஆட்களுக்குப் போய்விடும். மணி இப்போது நாலே முக்கால். கரையில், வள்ளத்தடியில், ஆண்கள் ரெண்டு பேரும் கையை வீசி வீசிக் கத்திக்கொண்டு நின்றார்கள்.

"வெள்ளி!"

"ஞாயிறு!"

காற்று இரைச்சலில் எது யார் குரல் என்று பிடிபடவில்லை. ஆனால் இதில் பிடிபட என்ன இருக்கிறது?

"எங்கட மனிசன் ஜும்ஆவை விடமாட்டாரு" என்றாள் ஸாஜிதா. "பார்க்ல ஒருக்கா வெளிய வந்தா திரும்ப உள்ள எடுக்கமாட்டாங்களாமே. வெள்ளி ஓய்வு எண்டாத்தான் தொழப் போகலாம்."

"எங்கட ஆளும் ஞாயிற்றுப் பூசையை விட்டதில்ல."

"அப்ப நான் வரல்ல!" கரையிலிருந்து காற்று கொண்டுவந்தது.

ஸாஜிதா மெசினை விட்டு எழும்பினாள்.

"ஐயோ, எல்லாம் பாழாகப் போகுது! அக்கா, ஒரு ஞாயிறு விட்டா என்ன? மாதா கோயில் ஓடியா போயிரும்?"

"ஒரு வெள்ளி விட்டா மட்டும் பள்ளி ஓடிருமா?"

"அதுவும் இதுவும் ஒண்டா, அக்கா?"

றோசலின் முகம் கறுத்துக் கையை வீசினாள்.

"அதுதானே! உங்கட ஆக்களுக்கு எப்பவும் உங்கட நாள்தான் பெரிசு."

உங்கட ஆக்கள். பன்னிரண்டு வருசத்தில் இந்த வேலிக்குள் கேட்காத சொல். ஸாஜிதாவுக்குச் சுருக்கென்றது.

"இவ்வளவு காலமும் மனசுல வச்சிருந்தது இப்பதானே வெளிய வருது!"

"ஓம், அப்படித்தான் எண்டு வச்சுக்கொள்ளு!"

றோசலின் கால்சட்டையைச் சுருட்டித் தையல் மெசின்மேல் எறிந்தாள். "எனக்கு இது வேணாம். நீங்களே போய்ச் சறுக்குங்க."

"நாங்க மட்டும் என்னத்துக்கு? ஒருத்தரும் போகத் தேவையில்ல!"

அவரவர் புருசனைக் கூட்டிவர ரெண்டு பேரும் கரைக்கு நடந்தார்கள். ஒருத்தி வேலியோரமாக, மற்றவள் தண்ணியோரமாக. ஸாஜிதாவுக்கு அழுகை வரப் பார்த்தது. றோசலினுக்கு வந்தே விட்டது.

கிட்டப் போகப் போகக் குரல் பிரிந்து கேட்டது.

"மடையா, நான் பள்ளி ஹஸ்ரத்திட்ட கேட்டுட்டேன்!" வள்ளத்தைத் தட்டித் தட்டிச் சொன்னான் முஹ்ஸின். "பிரயாணிக்கு ஜும்ஆ கடமையில்லையாம், வழமையான பகல் தொழுகை, லுஹர் தொழுதாப் போதுமாம். ஞாயிறுதான் ஓய்வு. நீ பூசைக்குப் போற!"

"போடா! நான் கோயில் சுவாமியிட்ட கேட்டுட்டன். சனி பின்னேரப் பூசை கண்டாலே ஞாயிற்றுக் கடமை முடிஞ்சுதாம். வெள்ளிதான் ஓய்வு. நீ பள்ளிக்குப் போற!"

"அப்ப நான் வரல்ல!"

"அப்ப நானும் வரல்ல!"

பெண்கள் ரெண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

முஹ்ஸினின் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. எட்டிப் பறித்தவள் ஸாஜிதா.

"ஓம், பார்க்தானே? ஞாயிறு ஓய்வு. வெள்ளியும் சனியும் பார்க். எழுதுங்க, எழுதுங்க!"

"அடியே, வெள்ளி ஓய்வெண்டு சொல்லு புள்ள!" றோசலின் பாய்ந்து பறிக்கப் போனாள். அதற்குள் ஸாஜிதா கட் பண்ணிவிட்டாள்.

பஸ்தியானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அங்க நிண்டு நீங்களும் கையை வீசிக் கத்தினதைக் கண்டம். காத்துல ஒண்டும் கேக்கல்ல. நீங்களும் இதே சண்டையா?"

ரெண்டு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"ஓம்" என்றாள் ஸாஜிதா, மணலைப் பார்த்து.

"இதே சண்டைதான்" என்றாள் றோசலின், கண்ணைத் துடைத்துக்கொண்டு.