பச்சை திரும்பிய வயல்

“அண்ணி, களைக்கொல்லியோட கடற்பாசி டானிக்கையும் கலந்துதானே அடிச்சீங்க? இல்லேன்னா சோயா மஞ்சளடிச்சிடும்.”

வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று கொழுந்தன் கேட்டபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நிலம் பிரித்த நாளிலிருந்து ஒரு வருஷமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை.

வீட்டில் கணவனிடம் அதைச் சொன்னாள். அவன் சீறினான்.

“எல்லாம் கலந்தாச்சு. அவன் என்ன எனக்கு வாத்தியாரா?”

மூன்றாம் நாள் இலைகள் மஞ்சளாகிச் சுருண்டன. அவனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. “வாய வெச்சுட்டான் பாரு!” என்று புலம்பினான்.

அடுத்த இரண்டு விடியலிலும் ஸ்பிரேயர் சத்தம் கேட்டது. கொழுந்தனார் தன் வயலுக்கு அடிக்கிறார் என்று நினைத்து அவள் புரண்டு படுத்தாள்.

பத்தாம் நாள் பயிர் பச்சைப் பசேலென்று நிமிர்ந்தது.

“பாத்தியாடி, நான் கலந்த டானிக்கை! மெதுவா வேலை செஞ்சாலும் கெட்டியா செஞ்சிருக்கு.”

“ஆமாமா, உங்களை மாதிரியே.”

அன்று மாலை மருந்து அறையைப் பெருக்கியவள், வயலுக்கும் ஒரு நடை போய்வந்து, அவன் முன்னால் இரண்டு பாட்டில்களை வைத்தாள்.

“இது நீங்க வாங்கின டானிக். சீல்கூட உடையல. கலக்கவே மறந்துட்டீங்க.”

“அப்புறம் பயிர் எப்படித் தேறுச்சு?”

“இதே டானிக்கோட இந்தக் காலி பாட்டில் நம்ம சோயாவுக்குள்ள கிடந்துச்சு. விடியறப்ப உங்க தம்பி அடிச்சது அவர் வயலுக்கு இல்ல.”

அவன் காலி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சீல் உடையாத பாட்டிலை எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் தம்பி வீட்டுப் பக்கம் நடந்தான்.