பின்விளக்கு

கண்ணாடிப் பெட்டிமேல் மூன்று சைக்கிள் விளக்குகளை எடுத்து வைத்தார் கடைக்காரர்.

அவள் எதையும் தொடவில்லை. முந்திரி ஃபேக்டரியில் கொட்டை உடைக்கிறவள். விரல்களில் கொட்டை எண்ணெயின் கறுப்பு. கழுவினாலும் போகாதது.

"வேலை முடிஞ்சு சைக்கிள்லயா போறீங்க?"

"ஆமாண்ணே. முந்திரித் தோப்பு வழியா."

முதலாவது டைனமோ. பேட்டரி வேண்டாம், ரொம்ப நாள் உழைக்கும், மிதிக்கத்தான் கொஞ்சம் கனக்கும் என்றார்.

கனத்தால் வேகமாகப் போக முடியாது. அதை ஒதுக்கினாள்.

அடுத்தது சார்ஜ் போடுகிற விளக்கு. அழுத்திக் காட்டினார். எதிர்க்கடைச் சுவர்வரை வெளிச்சம். விலையைக் கேட்டாள். அதையும் ஒதுக்கினாள்.

கடைசி விளக்குதான் இருப்பதில் மலிவு. நெல்லிக்காய் அளவு. ரப்பர் பட்டையால் சீட்டுக்குக் கீழே மாட்டிக்கொள்ளலாம். பின்னால் சிவப்பாக விட்டு விட்டு எரியும்.

"ஒண்ணுதான் வாங்கறீங்கன்னா இதை வாங்குங்க. வழி நமக்குப் பழக்கந்தானே. பின்னாடி வர்றவனுக்குத்தான் நம்மளத் தெரியணும்."

அவள் சட்டென்று தெருவைத் திரும்பிப் பார்த்தாள்.

போன வாரம் கரும்பு டிராக்டர் ஒன்று உரசிப் பள்ளத்தில் விழுந்தாள். ஓட்டியவன் நிற்கக்கூட இல்லை. "தெரியலம்மா" என்று கத்திக்கொண்டே போனான்.

அதற்காகத்தான் விளக்கு.

ஆனால் பின்னால் இன்னொருவனும் வருகிறான்.

மோட்டார் சைக்கிளில் வருவான். முந்தமாட்டான். அவள் வேகமாக மிதித்தால் வேகமாக, மெதுவாக மிதித்தால் மெதுவாக. தோப்பு முடிகிற இடத்தில் திரும்பிப் போய்விடுவான். நேற்றுதான் வாய் திறந்தான்.

"நாளைக்கும் இதே நேரந்தானே?"

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் அவனைத் தேடிப் போகமாட்டான். அவளை வேலைக்கு அனுப்பமாட்டான்.

"இதை நடுவழில அணைக்க முடியுமாண்ணே?"

"இருட்டுல எதுக்கும்மா அணைக்கப் போறீங்க?"

அவள் காசை எடுத்து நீட்டினாள்.

மார்கழி மாதம். பொழுது சாய்ந்ததுமே கும்மிருட்டு.

தோப்புக்குள் நுழைந்தாள். பின்னால் சிவப்பு வெளிச்சம் துடிப்பது சாலையில் தெரிந்தது. கொஞ்ச தூரம் தைரியமாகக்கூட இருந்தது.

பிறகு அந்தச் சத்தம்.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும்.

கை பின்னால் போய் விளக்கை அணைத்தது. இறங்கினாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மரங்களுக்குள் ஓடினாள். தரையைத் தொடுகிற ஒரு கிளைக்குப் பின்னால் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மோட்டார் சைக்கிள் கடந்து போனது.

போகவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றது. எஞ்சின் அணைந்தது. ஹெட்லைட்டும் அணைந்தது.

அவனும் காத்திருந்தான்.

எறும்பு காலில் ஏறியது. அவள் அசையவில்லை.

அப்போது வந்த வழியில் ஒரு சைக்கிள் செயின் கடகடத்தது. யாரோ வருகிறார்கள். விளக்கு இல்லை. நிழல்கூட இல்லை, சத்தம் மட்டும்.

அதற்கும் பின்னால், வளைவில், கரும்பு டிராக்டர். லோடு கனத்தில் அதன் முன்பக்கம் தூக்கியிருந்தது. ஒற்றை விளக்கு சாலையில் விழாமல் மரங்களின் உச்சியில் அடித்தது. பாட்டு அலறியது.

சைக்கிளில் ஆள் வருவது டிராக்டர் ஓட்டுநருக்குத் தெரியாது.

அவளுக்குத் தெரிந்தது. விளக்கைப் போட்டால் மோட்டார் சைக்கிள்காரனுக்குத் தன்னையும் தெரிந்துவிடும் என்பதும் தெரிந்தது.

பட்டையை உருவினாள். இருட்டில் பொத்தான் அகப்படவில்லை. மறுபடி அழுத்தினாள்.

சிவப்பு.

சாலைக்கு ஓடிவந்து கையை உயர்த்தி ஆட்டினாள். "நிறுத்துங்க! ஆளு! ஆளு போகுது!"

பிரேக் கிறீச்சிட்டது. சைக்கிள் ஓரத்து மணலில் சரிந்தது. கரும்புகள் பொலபொலவென்று விழுந்தன. அவளுக்கு ஒரு கை தூரத்தில் டிராக்டரின் மூக்கு சூடாக மூச்சு விட்டது.

"ஏம்மா, சாகறதுக்கா வந்தே?" ஓட்டுநர் சீட்டிலிருந்து எட்டிக் கத்தினார். பெரியவர்.

மணலிலிருந்து எழுந்தவள் அமுதவல்லி. ஃபேக்டரியில் வறுக்கிற பக்கம் வேலை செய்கிறவள். தினமும் இவளுக்குக் கொஞ்சம் பிந்திக் கிளம்புகிறவள்.

கீழே கிடந்த அமுதவல்லியின் சைக்கிளை இவள் தூக்கினாள். சீட்டுக்குக் கீழே கை பட்டது. அங்கும் நெல்லிக்காய் அளவில் ஒரு விளக்கு.

"உங்கிட்டயும் இருக்கா? ஏன் போடல?"

அமுதவல்லி மணலைத் தட்டிக்கொண்டே நிமிர்ந்தாள். முன்னால் மோட்டார் சைக்கிளின் ஹெட்லைட் எரிந்து இவர்கள் பக்கம் திரும்பியிருந்தது. அதையே பார்த்தாள்.

"தனக்கொடி," என்றாள் மெதுவாக. "அவன் உன் பின்னாடியும் வர்றானா?"

"ஆமா," என்றாள் இவள்.

தனக்கொடி குனிந்து அமுதவல்லியின் விளக்கை அழுத்தினாள். மரங்களுக்குள்ளிருந்து தன் சைக்கிளைத் தள்ளிவந்து, தன் விளக்கைச் சீட்டுக்குக் கீழே மாட்டினாள். பட்டை இரண்டு முறை நழுவியது. பிறகு ஓட்டுநரிடம் போனாள்.

"பெரிப்பா, பாட்ட நிறுத்திட்டு மெதுவா எங்க பின்னாடியே வர்றீங்களா?"

அவர் முன்னால் எரிகிற விளக்கைப் பார்த்தார். இவர்களைப் பார்த்தார். பாட்டு நின்றது.

சேர்ந்து மிதித்தார்கள். சாலையை அடைத்துக்கொண்டு. டிராக்டர் பின்னால் உருண்டுவந்தது. ஹெட்லைட் கண்ணில் குத்தியது. நெருங்க நெருங்க அதற்குப் பின்னால் ஒரு தலை தெரிந்தது. தோள்கள் தெரிந்தன.

தாண்டிப் போய்விடலாம். வீடு பக்கந்தான்.

அவனருகே வந்ததும் அமுதவல்லி அவன் முகத்துக்கு நேராகப் பிரேக்கைப் பிடித்தாள்.

தனக்கொடியும் பிடித்தாள்.